அறையில் இருந்தோர் பட்டியல்

3 ஜூன், திங்கள்

இந்தக் கல்லூரி மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஒன்பது பதிவேடுகள் உள்ளன. ஒன்பதிலும் பொய். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இப்போதே 'நான்கு டிகிரி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே பத்தாவதாக இந்த நோட்டு. இதில் நடந்தது மட்டும் எழுதப்படும். எழுதுபவன் நவநீதன், எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியல், ஒப்பந்தப் பணி. இன்று முதல் கூடுதலாக உயிரியல் பாதுகாப்புப் பொறுப்பாளர். அதற்காகக் கழுத்தில் இன்னொரு அட்டை மாட்டினார்கள்.

முதல் வேலையாகப் பாதுகாப்பு கேபினெட்டைப் பூட்டினேன். ஆபத்தான கிருமியைக் கையாள்வதற்கென்று இருக்கிற கண்ணாடிப் பெட்டி அது. உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, வடிகட்டி, வெளியே விடும். கிருமி முகத்துக்கு வராது. அதன் வருடாந்திரப் பரிசோதனைச் சான்றிதழ் மே 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டி, 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டெக்னீஷியன் நாகஜோதிக்குப் பிடிக்கவில்லை. டிப்ளமோ படித்தவள், ஐந்து வருடமாக இங்கே இருக்கிறாள். அந்த ஐந்து வருடத்தை ஒரு பட்டம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"மெஷின் நல்லாத்தானுங்க ஓடுது சார். காகிதத்துக்குத்தான தேதி முடிஞ்சிருக்குது?"

"காகிதம் இல்லாத மெஷின் மெஷினே இல்ல."

"கம்பெனிக்காரன் எப்ப வருவானுங்க?"

"மெயில் போட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் நாங்க எதுலைங்க வேலை செய்யறது?"

"மேஜையில. கவனமா."

"நான் நாலு மாசமுங்க சார். கண்ணாலமாகி ஆறு வருசங்கழிச்சு" என்றாள்.

வாழ்த்துச் சொன்னேன். வேறென்ன சொல்வது? விதிக்கு மாசக் கணக்கு தெரியாது.

பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் டாக்டர் சம்பந்தம் எழுந்தருளினார். கிருமி வளர்ந்த பிளேட்டின் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், கோவில் பிரசாதத்தை முகர்வதுபோல் முகர்ந்தார். "திராட்சை வாசனை. சூடோமோனாஸ்" என்றார். சரிதான். ஆனால் இரண்டு லட்ச ரூபாய் மெஷின் இல்லாமல் மூக்காலேயே கண்டுபிடிப்பதைப் பெருமையாகச் சொல்கிற மனிதரை என்ன செய்வது? 1980-லிருந்து அவர் மூக்கு மட்டும்தான் இங்கே வேலை செய்கிறது. பின்னால் உள்ள மூளை எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

7 ஜூன், வெள்ளி

உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அரையாண்டுக் கூட்டம் இன்று 'நடைபெற்றது'. அதாவது, அட்டெண்டர் ரங்கசாமி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். தீர்மானம், போன கூட்டத்தின் தீர்மானமேதான். தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆபத்தான கிருமிகளை மேற்பார்வையிட ஏழு பேர். அவர்களில் ஒருவர் எலும்பு மருத்துவர், ஒருவர் நூலகர்.

"எட்டாவதா நீங்க போடோணுங் தம்பி. பொறுப்பாளர்னு புதுசா ஒரு கட்டம் போட்டிருக்குது பாருங்க" என்றார் ரங்கசாமி.

கையெழுத்துப் போட்டேன். சேர்ந்த ஒரு வாரத்தில் சண்டை வேண்டாம்.

10 ஜூன், திங்கள்

மாரப்பன் என்பவருடைய ரத்தக் கல்ச்சர் பாட்டில் ஐந்தாம் நாள் 'வளர்ச்சி உண்டு' என்று விளக்கு காட்டியது. ஐம்பத்து நான்கு வயது, வெள்ளக்கோயில் பக்கம் ஆடு வளர்ப்பவர். மூன்று வாரக் காய்ச்சல். பகலில் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறாராம். பொழுது சாய்ந்தால் போர்வைக்குள் நடுங்கி, விடிவதற்குள் படுக்கை நனைய வேர்த்துவிடுகிறாராம். சாயம் ஏற்றிப் பார்த்தால் மணலைத் தூவியதுபோல் பொடிப்பொடியான கிருமிகள். பிளேட்டில் போட்டு வைத்தோம்.

நாகஜோதி மதியம் வார்டுக்கே போய் அந்த ஆளிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். யார் போகச் சொன்னது?

"அவுரு பட்டியில இந்த வருசம் மூணு ஆடு மாசம் நெறையறதுக்கு முன்னாலயே குட்டி வீசிருச்சாமுங்க சார். இவருதான் வெறுங்கையில இழுத்துப் போட்டிருக்காரு."

"அதுக்கு?"

"ஆட்டுக் கிருமி, புருசெல்லாவா இருந்துட்டா? மேஜையில வெச்சுத் திறக்கக் கூடாதுங்க. காத்துலயே ஏறிக்கும்."

"ஆடு ரிப்போர்ட் குடுக்குதா இங்க? மெஷின் இருக்கு, மெஷின் சொல்லும்."

ஊரில் எவன் ஆட்டுக்குக் குட்டி வீசினாலும் புருசெல்லா. எவனுக்கு இருமல் வந்தாலும் காசநோய். டிப்ளமோ அறிவு.

13 ஜூன், வியாழன்

மாரப்பன் பிளேட்டில் மூன்றாம் நாள்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர்ந்தது. கண்டறியும் மெஷினில் போட வேண்டுமானால் கிருமியை உப்புநீரில் கலக்கி, குலுக்கும் கருவியில் ஓட்டிக் கரைக்க வேண்டும். நானே செய்தேன், மேஜையில். நாகஜோதி பக்கத்து மேஜையில் முப்பது சிறுநீர் சாம்பிளோடு இருந்தாள்.

"சார், கெஞ்சிக் கேக்கறனுங்க. டேப்பை ஒரு மணி நேரம் எடுங்க. இல்லீனா இத வெளிய பெரிய லேபுக்கு அனுப்பிரலாம்."

"பயமா இருந்தா வெளிய போய் நில்லுங்க."

"முப்பது சாம்பிள் கெடக்குது. மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட் குடுக்காட்டி நீங்கதான மெமோ போடுவீங்க?"

போட்டிருப்பேன். அதுவும் உண்மை.

அறையில் இறுக்கம் கூடிவிட்டது என்று, நான் பிளேட்டின் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, சம்பந்தம் சார் மாதிரியே மூக்கருகில் கொண்டுபோய், ஒரு பெருமூச்சு இழுத்து, "ம்ம்... திருப்பதி லட்டு" என்றேன். ரங்கசாமி குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அப்புடியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்குதுங் தம்பி, இன்னொருக்கா!" என்றார். இன்னொரு முறையும் செய்து காட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து நிஜ சம்பந்தம் சார் உள்ளே வந்து, "என்ன சிரிப்பு?" என்று கேட்டது உச்சம்.

நாகஜோதி சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு கிடையாது.

14 ஜூன், வெள்ளி

மெஷின் சொல்லிவிட்டது: ஆக்ரோபாக்ட்ரம், 97 சதவீதம். மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிற சாதுக் கிருமி. ரத்தம் எடுத்த நர்ஸ் தோலைச் சரியாகத் துடைத்திருக்க மாட்டாள், அதிலிருந்து வந்திருக்கும். 'மாசு, சிகிச்சை தேவையில்லை' என்று ரிப்போர்ட் அடித்தேன். பிரதியை நாகஜோதி மேஜையில் வைத்து, 97-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

20 ஜூன், வியாழன்

நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பு. நாற்பது பேர், நாற்பது போன்.

கிருமிக்கு உங்கள்மேல் பகை ஒன்றும் கிடையாது என்று ஆரம்பித்தேன். அது பிழைக்கப் பார்க்கிறது, நீங்கள் அதற்கு ஒரு வீடு. காலரா கிருமி குடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைக் கக்கும். அந்த நச்சு உடம்பின் தண்ணீரையெல்லாம் குடலுக்குள் திறந்துவிடும். ஆள் தண்ணீராகப் போவான், கிருமி அந்தத் தண்ணீரிலேயே அடுத்த ஆளுக்குப் பயணம் போகும். இன்னொரு வகை நச்சே வைத்திருக்காது. நம்மைக் காக்க ஓடி வருகிற வெள்ளணு அதை விழுங்கும். விழுங்கிய பிறகு அது சாகாமல் அந்த வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். போலீஸ் ஸ்டேஷனுக்குள் குடியிருக்கிற திருடனை எந்தப் போலீஸ் தேடும்?

ஒரு பெண் மட்டும் தலை நிமிர்ந்தாள். "அப்ப அந்தத் திருடன் உள்ள இருக்கான்னு எப்படி சார் தெரியும்?"

"ரொம்ப நாள் தெரியாது. சாயந்தரமானா காய்ச்சல் வரும், போகும். ஆளு ஏதோ அலுப்புன்னு நினைச்சுக்குவான்."

குறிப்பெடுத்துக்கொண்டாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் எதிர்காலத்தில் உங்களுக்கு ஊசி போடுவார்கள். ஜாக்கிரதை.

1 ஜூலை, திங்கள்

மாரப்பன் பத்து நாள் முன்பே திரும்ப வந்து சேர்ந்துவிட்டார். இந்த முறை இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மறுபடி ரத்தம், மறுபடி அதே பொடிக் கிருமி, மெஷினில் மறுபடி அதே பெயர்.

நாகஜோதி என் மேஜைக்கு வந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஐந்து மாத வயிறு இப்போது கோட்டுக்கு மேலேயே தெரிகிறது.

"அழுக்குக் கிருமி ஒருக்கா வரும். ரெண்டு தடவையும் ஒரே அழுக்கே வருமாங்க சார்? யூரியா டெஸ்ட் போட்டுப் பாத்தனுங்க. அஞ்சே நிமிசத்துல ரோஸாயிருச்சு. புருசெல்லான்னா இப்புடித்தான் வெரசா நெறம் மாறும்."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையுங் கேக்கலைங்க. அந்த மெஷினோட பட்டியல்ல புருசெல்லாங்கற பேரே இல்லீங்க. கையேட்டுல பாத்தேன். இல்லாத பேர அது எப்புடிங்க சொல்லும்? இருக்கற பேருல கிட்டத்துல இருக்கறதச் சொல்லுது."

கையேடு ஆங்கிலத்தில் நானூறு பக்கம். எப்போது படித்தாள் என்று தெரியவில்லை.

அவளே நேராக சம்பந்தம் சாரிடம் போய், கிருமியை வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பக் கையெழுத்து வாங்கிவிட்டாள். அவர் படிக்காமலே போட்டிருப்பார். போகட்டும். அங்கிருந்து 'ஆக்ரோபாக்ட்ரம்' என்று வரும்போது இன்னொரு சிவப்பு வட்டம் போட்டால் போயிற்று.

5 ஜூலை, வெள்ளி

மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பசியே இல்லை. பைக்கின் சஸ்பென்ஷன் போய்விட்டது, இடுப்பு வலிக்கிறது.

8 ஜூலை, திங்கள்

ஆய்வக ஏசியை இருபதில் வைத்துத் தொலைக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு எனக்குப் பல் கிட்டுகிறது. ரங்கசாமியிடம் கத்தினேன். "ஏசி ரெண்டு நாளா ஓடலீங்களே தம்பி" என்றார். அப்படியானால் மேலே ஃபேன்.

9 ஜூலை, செவ்வாய்

ரூம் மெத்தை காலையில் ஈரம். புழுக்கம்.

15 ஜூலை, திங்கள்

பெரிய ஆய்வகத்திலிருந்து போன். புருசெல்லா மெலிட்டென்சிஸ். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அங்கே பேசிய பெண் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "கேபினெட்டிலா, திறந்த மேஜையிலா? அறையில் யார் யார் இருந்தார்கள்?" ஒரு படிவம் அனுப்புகிறாராம். மேஜையில் கையாண்டிருந்தால், அந்நேரம் அறையில் இருந்த ஒவ்வொருவர் பெயரும் அதில் வர வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, மூன்று வாரத் தடுப்பு மாத்திரை, ஆறு மாதக் கண்காணிப்பு. "கர்ப்பிணிகள் இருந்தால் இன்றே சொல்லுங்கள். அவர்களுக்கு மருந்தே வேறு. கருவைக் கலைக்கிற கிருமி இது. ஒவ்வொரு நாளும் கணக்கு" என்றார்.

பத்துப் பதினைந்து கிருமி மூச்சில் போனாலே போதும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

மாரப்பனுக்கு மாலையே சரியான மருந்து தொடங்கிவிட்டார்கள். நாகஜோதி தம்பி கல்யாணத்துக்காக சனிக்கிழமை வரை லீவு.

16 ஜூலை, செவ்வாய்

சம்பந்தம் சார் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். இந்த நேரத்துல திறந்த மேஜைன்னு எழுதினா லேபையே மூடிருவாங்க. கேபினெட்ல செஞ்சதா எழுதிருங்க. பட்டியலே தேவைப்படாது."

"கேபினெட்டைப் பூட்டி வெச்சிருந்தோம் சார்."

"'தோம்' இல்லைங்க. பூட்டினது யாரு? நோட்டீஸ்ல யார் கையெழுத்து? ஓடிட்டிருந்த மெஷினைப் பூட்டிட்டு, மேஜையில வெச்சுக் குலுக்கி, மாசுன்னு ரிப்போர்ட் குடுத்தது யாரு? எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். உங்களுக்கு முப்பது வருஷம். யோசிங்க."

"நாகஜோதி?"

"நல்லவேளை, லீவுல இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நல்லாத்தான் இருக்கு. எதுக்குப் பிள்ளைத்தாச்சியப் பயமுறுத்தறது? அந்த டேப்பை மட்டும் உரிச்சுருங்க."

இந்த மனிதரைப் போல் கோழை பூமியில் இல்லை. மூக்கு மட்டுமே உள்ள மிருகம்.

டேப்பை உரித்தேன்.

17 ஜூலை, புதன்

படிவம் போய்விட்டது.

18 ஜூலை, வியாழன்

இன்று பத்து நாளாகிறது. ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு மணிக்கு 102. இடது இடுப்பும் நிமிர மறுக்கிறது.

எல்லாரும் சாப்பிடப் போனபின் நானே என் இடது கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் விட்டேன். சீட்டில் பெயர்: வசந்தா, 30, பெண், மூன்றாவது வார்டு, 'சாதாரணக் காய்ச்சல்'. மெஷினில் என் கையாலேயே வைத்தேன். விளக்கு எரிந்தால் நானே எடுத்து, நானே பார்த்து, நானே முடித்துக்கொள்வேன். யாருக்கும் தொந்தரவு இல்லை.

இதில் நடந்தது மட்டும் எழுதப்படும் என்று எழுதியிருந்தேன். புதன்கிழமைக்கு ஒரு வரிதான் இருக்கிறது. அந்தப் படிவத்தில் 'கையாண்ட இடம்: கேபினெட்' என்று எழுதினேன். 'அறையில் இருந்தோர்' கட்டத்தில் ஒரு கோடு.

20 ஜூலை, சனி

பாட்டில் அமைதி. எல்லாம் மனப்பிராந்தி. டைபாய்டாக இருக்கும். டைபாய்டு கௌரவமான நோய்.

22 ஜூலை, திங்கள்

விடிய விடியக் காய்ச்சல். கண் விழிக்கும்போது மணி ஒன்பது. ஏழு மணிக்குப் போய் மெஷினைப் பார்த்திருக்க வேண்டியவன். பைக்கில் போகும்போதே தெரிந்துவிட்டது, ஏன் என்று சொல்ல முடியாது.

நாகஜோதி என் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் நாலு மடிப்பாக ஒரு துணி, துணிமேல் பாட்டில். மூடி திறக்கவில்லை, ஊசி குத்தவில்லை. முதலில் பார்த்தது அதைத்தான்.

"விளக்கு எரிஞ்சுதுங்க. நாலாம் நாள். இப்பெல்லாம் மாரப்பன் பாட்டில் மாதிரி நாளு கழிச்சு எரிஞ்சா எனக்குத் தொடக் கை வரமாட்டேங்குது. அதனால மேஜைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால மூணாவது வார்டுக்குப் போன் போட்டேன். வசந்தான்னு யாருமே சேரலையாம்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சீட்டுல எழுத்து உங்களுது."

சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"யார் ரத்தமுங்க சார் இது?"

"என்னுது."

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"சாதாரணக் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. எப்பவும் போல மேஜையில வெச்சு ஊசி குத்தியிருப்பேன். குத்தறப்ப சொய்ங்குனு காத்து வரும், தெரியுமில்ல? மூஞ்சிக்கு நேரா வரும்." அவள் குரல் உயரவே இல்லை. "பெரிய லேப் ரிசல்ட் வந்துருச்சா?"

"போன திங்கள்."

"இன்னைக்கு மறு திங்கள்."

"ஆமா."

"என்னுமோ ஃபார்ம் அனுப்புவாங்களே. அதுல எம்பேரு இருக்குதா?"

"யார் பேரும் இல்ல."

அவள் எழுந்தாள். ஒரு கை மேஜையில், ஒரு கை வயிற்றில். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் நின்ற ரங்கசாமியைப் பார்த்து, "அண்ணா, உங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா, ஒரு வாரமா ராக்காய்ச்சல்தான். மெடிக்கல்ல மாத்தரை வாங்கித் திங்கறேன்."

"வாங்க எங்கூட. ரெண்டு பேரும் போலாம்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரங்கசாமியின் பெயர் இந்த ஏழு நாளில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என் நடிப்புக்கு இருந்த ஒரே ரசிகர்.

பாட்டிலை கேபினெட்டுக்குள் கொண்டுபோய்ச் சாயம் ஏற்றினேன். மணல்.

பகல் பன்னிரண்டுக்குப் பெரிய ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். போன வாரப் படிவம் பொய் என்றேன். புதுப் படிவம் எழுதினேன். கையாண்ட இடம்: திறந்த மேஜை. கேபினெட் நல்ல நிலையில் இருந்தும் என்னால் பூட்டப்பட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தது: நான், இருமுறை, வேடிக்கைக்காக. அறையில் இருந்தோர்: நவநீதன், நாகஜோதி (கர்ப்பம்), ரங்கசாமி, டாக்டர் சம்பந்தம். முந்தைய படிவத்தை எழுதச் சொன்னவர் யார் என்றும், எழுதியவன் யார் என்றும் சேர்த்தேன்.

அந்தப் பெண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏழு நாள்" என்று மட்டும் சொன்னார்.

26 ஜூலை, வெள்ளி

உயிரியல் பாதுகாப்புக் குழு கூடியது. நிஜமாகவே கூடியது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் முறையாம். ஏழு நாற்காலிகளிலும் ஆட்கள், முந்திரி பிஸ்கட். வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எலும்பு மருத்துவர், "இது பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்குமா?" என்று கேட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது அபூர்வம் என்றேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். நூலகர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "போன மாசம் நான் கையெழுத்துப் போட்டதுல, கேபினெட் இயங்குதுன்னு இருந்துச்சு. அப்ப அது பூட்டியிருந்துச்சா?" பிஸ்கட் தட்டு ஒரு சுற்றுப் போனது. "எட்டாவது கையெழுத்து இந்தப் பையனோடதுதானே?" என்றார். தட்டு இன்னொரு சுற்றுப் போனது.

சம்பந்தம் சார் மாத்திரையின் விளைவாக வாந்தி எடுத்துக்கொண்டே விடுப்புக் கடிதம் கொடுத்தார். என் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. தீர்மானத்தைப் படித்துக் காட்டினார்கள். இந்தத் தடவை தேதியோடு வாசகமும் மாறியிருந்தது.

அவர்களைத் திட்டலாம் என்று நோட்டை எடுத்தேன். வரிசையாக எட்டுப் பேரையும் திட்ட வேண்டும், அதுதான் சிக்கல்.

30 ஜூலை, செவ்வாய்

மாரப்பன் அடுத்த கட்டில். அவருக்கு இடுப்பு நிமிர்ந்துவிட்டது. தினமும் என்னைப் பார்த்து, "உங்க பட்டியிலயும் ஆடு வீசிருச்சுங்களா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்கிறார். இல்லை என்கிறேன். "பின்ன எப்படி வந்துச்சு?" என்கிறார். உங்களிடமிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. அவரிடமிருந்து வரவும் இல்லை.

மாத்திரையால் வேர்வை ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. ரங்கசாமி எதிர்க் கட்டிலில். அவர் பனியனும் அதே நிறம். "காவி கட்டிட்டமுங் தம்பி" என்றார். அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க நாகஜோதி வந்தாள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே வந்தாள்.

தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். கையுறை மாட்டினாள். சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"பேரு சொல்லுங்க."

"நாகஜோதி, நான்..."

"பேஷண்ட் வாயால பேரு சொல்லோணும். அப்பத்தான் எழுதுவேன்."

"நவநீதன்."

"வயசு?"

"இருபத்தேழு."

எழுதினாள். என் கையைத் திருப்பி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்தாள். வலிக்கவில்லை. நல்ல கை. இரண்டு மாதம் அந்தக் கை என் பக்கத்து மேஜையில்தான் வேலை பார்த்தது.

அவள் கோட்டின் கழுத்துப் பட்டையில் லேசாக ஆரஞ்சுக் கறை இருந்தது. அப்படியானால் மாத்திரை சாப்பிடுகிறாள். தடுப்புக்கா, நோய்க்கா? கறையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் அந்த மருந்து உண்டு.

அவள் பஞ்சை அழுத்தி, என் விரலை அதன்மேல் வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டாள். மூன்று எட்டு போய்விட்டாள்.

"உங்க டெஸ்ட் என்னாச்சுங்க?" என்றேன். ஊர்க்காரர்கள் போடுகிற அந்த 'ங்க' என் வாயில் வந்தது இன்றுதான் முதல் தடவை. "குழந்தை..."

நின்றாள். திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிளேட்டில் வேண்டாத பூஞ்சை வளர்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"அத உங்ககிட்டச் சொல்லோணும்னு எந்த விதியில இருக்குதுங்க சார்?"

போய்விட்டாள்.

பாதுகாப்புக் கையேடு என் துணிப்பைக்குள் இருந்தது, எடுக்கச் சொல்லி ரங்கசாமியிடம் கேட்டேன். படுத்தபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். எந்த விதியிலும் இல்லை.